அம்மாவிடம் சொல்லாமல் ஓட்டிய சைக்கிள்

1

மழையில் சைக்கிள் ஓட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன்.

நான் ஆம்பூர்க்காரன். ஏழாவது வரைக்கும் படித்தேன். இப்போது இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில், தோல் தொழிற்சாலையில் வேலை. வந்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. வருகிற தோலைத் தடவிப் பார்த்து முதல் நம்பர், ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் என்று பிரித்துப் போடுவதுதான் என் வேலை. ஊரில் முதலாளி பாயின் தோல் மண்டியிலும் இதையேதான் செய்தேன். இங்கிருந்து சரக்கு பார்க்க வந்த ஒருவர் என் கை வேலையைப் பார்த்துவிட்டு பாயிடம் கேட்டார். பாய் அனுப்பிவைத்தார். தோல் அதே தோல், நாற்றம் அதே நாற்றம். கேட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் வேறு நாடு.

இங்கே குளிர்காலம் என்றால் மழை. நம் ஊரைப் போல வந்து அடித்துவிட்டுப் போகிற மழை இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் வெளியே நிற்கும். படுக்கப் போகும்போதும் அங்கேயே நிற்கும். நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். அந்த மழையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏழெட்டுப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் போகிறார்கள். வேலைக்கு இல்லை. ஏதாவது வாங்கிவரவும் இல்லை. சும்மா. செப்டம்பரிலிருந்து நானும் போகிறேன்.

நான் போகக்கூடாது. சைக்கிள் ஏற மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

2

என் அண்ணன் பேர் ஏழுமலை. என்னைவிட நாலு வயசு பெரியவன். ஒடுகத்தூர், மாதனூர் பக்கம் கிராமம் கிராமமாகப் போய், கறிக்கடைகளில் உப்புப் போட்டு வைத்திருக்கிற ஆட்டுத்தோலை எடுத்து, கேரியரில் மூட்டையாகக் கட்டி, பாயின் மண்டியில் கொண்டுவந்து போடுவான்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் அவனுக்குத் தொல்லை. தோலில் தண்ணீர் பட்டால் உப்பு கரையும். உப்பு போனால் ரெண்டு நாளில் முடி கழன்றுவரும், தோல் கெட்டுவிடும். அதனால் தோல் எடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் கையில் இருக்கிற பாலித்தீன் தாளை முதலில் மூட்டைக்குப் போர்த்துவார்கள். மிச்சம் இருந்தால் ஆளுக்கு. மிச்சம் இருந்து நான் பார்த்ததில்லை.

அவன் கொண்டுவருகிற மூட்டையைப் பிரித்து நம்பர் போடுவது நான்.

"இன்னாடா இது, மூணாம் நம்பர்ல தூக்கிப் போட்ற?"

"நனைஞ்சி கீதுண்ணா. தொட்டுப் பாரு."

"மழ பேஞ்சா நனையாம? நான் இன்னா கார்லயா வந்தேன்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கைக்கு இன்னா தெரியுதோ அதத்தான் போடுவேன்."

"பெரிய இன்ஸ்பெக்டரு! வூட்டுக்கு வா. அம்மாகிட்ட சொல்லி உனக்கு மூணாம் நம்பர் சோறு போடச் சொல்றேன்."

பாய் கணக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "தம்பி சொல்றது கரெக்ட்டுதான் ஏழுமல. நனைக்காம கொண்டா" என்றார். அண்ணனும் சிரித்துக்கொண்டேதான் போனான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க பாலித்தீன் தாளை நீட்டிப் பார்ப்பான், ஓட்டைக்கு ஒட்டுப் போடுவான்.

அடுத்த வாரம் புயல் மழை. அண்ணன் ஒடுகத்தூர் பக்கமிருந்து மூட்டையோடு வந்துகொண்டிருந்தான். காட்டிலிருந்து இறங்குகிற கானாறு தரைப்பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு நின்றவர்கள், "வேணாம்பா, எறங்காத" என்று கத்தியிருக்கிறார்கள். "தண்ணி வடியற வரைக்கும் நின்னா சரக்கு ஊறிப்பூடும்ணா" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினானாம்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மைல் தள்ளி வேலிக்காத்தான் முள்ளுப் புதரில் கிடைத்தான். சைக்கிளும் அங்கேயே கிடைத்தது. மூட்டையின் மேல் பாலித்தீன் கட்டின முடிச்சு அவிழவில்லை. பாய் அந்த மூட்டையை என் கையில் கொடுக்கவில்லை. வேறு ஆளை வைத்து எங்கேயோ புதைக்கச் சொன்னார்.

மூணாம் நம்பர் போட்டதை இதுவரை நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

3

எட்டு மாசம் கழித்து நான் கிளம்பினேன். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்ற பிறகு அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு நைனா. அங்க போய் சைக்கிளு ஏற மாட்டேன்னு சொல்லு."

"அங்கலாம் பஸ்ஸு கீதும்மா."

"பஸ்ஸு இருந்துட்டுப் போவுது. நீ சொல்லு."

தங்கச்சி மல்லிகா பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டே, "சீக்கிரம் சொல்லுண்ணா, கார்டு கொடி காட்டிட்டான்" என்றாள். சொன்னேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது, கொடுத்தேன். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எப்போதிலிருந்தோ தெரியும்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீசில் எழுதித் தரச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் கடைசியில் இருப்பதால் நான் பாபு இல்லை, மிஸ்டர் ஆறுமுகம் ஆகிவிட்டேன். அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டார். இன்னொரு கட்டத்தில், வேலையில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. யோசிக்காமல் ஏழுமலை என்று எழுதினேன். மண்டியில் எப்போதும் அவன் பேரைத்தான் கொடுப்பேன். பாரத்தை வாங்கிப் பார்த்த ஆபீஸ்காரப் பெண், "இவருக்கு போன் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எங்கே வேலை செய்கிறார்?" என்றாள். "ஹி டெட்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் இங்கிலீஷ். அவள் ஒரு சின்ன புட்டியிலிருந்து வெள்ளையாக எடுத்து அந்தப் பேர் மேல் தடவி, ஊதிக் காயவைத்தாள். "வேறு யாராவது?" என்றாள். காய்ந்த இடத்தில் அம்மா பேரை எழுதினேன்.

என்னோடு ஒரே அறையில் இருப்பவன் ரஷீத். பாகிஸ்தான்காரன், தோலை ஊறவைக்கிற டிரம்மில் வேலை. ஆம்பூர் பஜாரில் காதில் விழுந்த உருதுதான் எனக்கு இங்கே சோறு போட்டது. அதை வைத்து அவனோடு பேசிக்கொள்வேன். வேலை செய்யும் இடத்தில் மோரீன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், நாற்பது வயசு இருக்கும், தோலுக்குச் சாயம் அடிக்கிற மெஷினில் நிற்பாள். எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் வாரம் நான் தலையே நிமிர்த்தவில்லை. ரஷீத்துக்கும் அதே 'லவ்'தான், பல் விழுந்த ஃபோர்மேனுக்கும் அதே 'லவ்'தான் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

செப்டம்பரில் எங்கள் தெரு வழியாக வருகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ரெண்டு மைல் நடந்து போய் தினமும் லேட். மோரீன் தன் மகன் விட்டுப்போன சைக்கிளைக் கொண்டுவந்து, "ஓட்டு, சும்மாதான் கிடக்கிறது" என்று கொடுத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன். ஏறவில்லை. ஒரு வாரம் அதைத் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனேன், தள்ளிக்கொண்டே வந்தேன். ரஷீத் வாசலில் நின்று பார்த்தான். அவன் உருதுவில் சொன்னது இதுதான்:

"தோஸ்த், அது இன்னா உன் பொண்டாட்டியா? கையப் பிடிச்சி நடக்க வெச்சிக் கூட்டினு வர்ற?"

எட்டாம் நாள் ஷிப்டு மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருந்தது. எதிரே இறக்கம். ஏறிவிட்டேன். ஏறினதும் அம்மா தலைதான் ஞாபகம் வந்தது. அதற்கடுத்து, காற்று முகத்தில் எப்படி அடிக்கிறது என்பது. ஊரில் ஓட்டினது போலவேதான் இருந்தது. கீழே போய்ச் சேர்ந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் போன பிறகு அதுதான் முதல் தடவை.

4

அதற்கப்புறம் மோரீனும் அவள் வீட்டுக்காரர் கென்னும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஊரைத் தாண்டினால் ரெண்டு பக்கமும் இடுப்பளவு கருங்கல் சுவர். சுண்ணாம்பு இல்லை, மண் இல்லை, கல் மேல் கல். அதற்குள்ளே புல், புல்லில் ஆடு. மழை தொப்பியிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து வாய்க்கு வரும். முன்னால் போகிறவர் சக்கரத்திலிருந்து சேறு நெஞ்சில் அடிக்கும். நம் சக்கரத்துச் சேறு முதுகில் ஏறும். முதல் அரை மணி நேரம் விரல் செத்துப்போகும், இதெல்லாம் தேவையா என்று இருக்கும். ஒரு மேடு ஏறுவோம். பாதி மேட்டில் உடம்புக்குள்ளே அடுப்புப் பற்றிக்கொள்ளும். வெளியே ஜில், உள்ளே சூடு. சட்டையிலிருந்து ஆவி வரும். மேலே ஏறி நின்றால் மழையில் ஒன்றுமே தெரியாது, இருந்தாலும் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

ஆடுகளைத் தோலோடு நான் இவ்வளவு பக்கத்தில் நிறைய பார்த்ததில்லை. எனக்கு ஆடு என்றால் தோல் மட்டும்தான். ஓட்டிக்கொண்டே சுவருக்கு மேலே பார்த்து மனசுக்குள் பிரிப்பேன். இது முதல் நம்பர். அதோ கம்பியில் உரசிக்கொண்ட தழும்பு, ரெண்டாம் நம்பர். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல. கென் திரும்பி, "யாரைத் திட்டுகிறாய்?" என்று கேட்டார்.

திரும்பி வந்து சுடுதண்ணீரில் காலை வைத்ததும் பயம் ஆரம்பிக்கும். மல்லிகா மாசம் ரெண்டு கடிதம் போடுவாள். வந்துசேர பத்து நாள் ஆகும். அம்மா நன்றாக இருக்கிறாள், ஷூ கம்பெனியில் பசை தடவுகிற வேலைக்குப் போய்வருகிறாள் என்று எழுதியிருப்பாள். படித்து நிம்மதியாக மடிப்பேன். மடிக்கும்போதே கணக்கு வரும். இது எழுதி பத்து நாள் ஆச்சு. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருக்கிறேனே. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரிய அடுத்த கடிதம் வர வேண்டும். அதற்குள் இன்னொரு ஞாயிறு. நிறுத்திவிடலாம் என்று சனிக்கிழமை முடிவு பண்ணுவேன். காலையில் மழைச் சத்தம் கேட்கும். சாக்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா உயிரை வைத்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

5

நவம்பர் கடைசி ஞாயிறு. மழை வலுத்துவிட்டது, நம் ஊர் மழை மாதிரியே சத்தத்தோடு வந்தது. ஒதுங்க மரம்கூட இல்லை. எல்லோரும் நின்று மழைக்கோட்டின் பித்தானைக் கழுத்துவரை போட்டார்கள். நானும் நின்றேன். மோரீன் கத்தினாள்.

"லவ், என்ன பண்ணுகிறாய் நீ?"

குனிந்து பார்த்தேன். என் மழைக்கோட்டைக் கழற்றி, கேரியர் பையின் மேல் போர்த்தி, கயிற்றை ரெண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஸ்வெட்டரோடு நின்றேன். பையில் இருந்தது ரொட்டி. எனக்கும் அவர்களுக்குமாக வெண்ணெய் தடவின ரொட்டி.

"ஆறுமுகத்துக்கு ரொட்டி மேல் அவ்வளவு ஆசை" என்றார் கென். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரிக்கப் பார்த்தேன். முடிச்சை அவிழ்க்க வரவில்லை. நனைந்த கயிறு, விரல் விறைத்துவிட்டது. அண்ணன் போடுகிற முடிச்சு அது. நான் பிரிக்கிற ஆள், கட்டுகிற ஆள் இல்லை. எப்போது என் கைக்கு அது வந்தது என்று தெரியவில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மோரீனிடம் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். பிரதர். ரிவர். ஸ்கின் ட்ரை, பிரதர் வெட். அவள் என் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்தாள். கென்தான் கத்தியால் கயிற்றை அறுத்து, கோட்டை என் மேல் போட்டு, பித்தானையும் போட்டுவிட்டார். அப்புறம் ரொட்டியைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு துளிகூட நனையவில்லை.

6

வீட்டுக்கு வந்தால் மல்லிகா கடிதம். அண்ணனுக்கு ரெண்டாம் வருஷ திதி வருகிறது, அன்றைக்கு மண்டிக்கு போன் பண்ணு, பாய் சொல்லிவிட்டார், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிறேன் என்று எழுதியிருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். பொய்யோடு இனிமேல் ஓட்ட முடியாது. ஓட்டாமலும் இருக்க முடியாது.

இங்கே காலை ஒன்பது மணி, அங்கே மத்தியானம் ரெண்டரை. ஆபரேட்டர் லைன் கொடுக்க ரொம்ப நேரம் ஆனது. நாம் பேசினது நமக்கே ஒரு தடவை திரும்பிக் கேட்டது, அதற்கப்புறம்தான் அங்கே போனது.

"நைனா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. உடம்பு எப்டி கீது?"

"எனக்கின்னா. நல்லாத்தான் கீறேன்."

"ஜொரம், கிரம்?"

"ஒண்ணும் இல்லடா. போன எட்த்ததும் இதயே கேக்கற?"

"தல வலி?"

"டேய், உனக்கு இன்னா ஆச்சி?"

"அம்மா, நான் சைக்கிளு ஏறிட்டேன்."

ஏறிட்டேன் என்று என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் மண்டியில் யாரோ வண்டியிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"எப்ப?"

"மூணு மாசமா ஓட்றேம்மா. ஞாயித்துக்கெழமைல. மழையிலகூட."

"வேலைக்கா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "வேலைக்கும்தான். சும்மாவும் போவேன். நல்லா கீதும்மா" என்றேன்.

மல்லிகா பின்னாலிருந்து, "இன்னாம்மா? இன்னா சொல்லுது அண்ணன்?" என்று கேட்டாள். அம்மா திரும்பவும் என்னிடம்தான் கேட்டாள்.

"மூணு மாசமாவா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணும் ஆவலியேடா" என்றாள். கோபமாக இல்லை. எதையோ தேடிப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நல்லாத்தான கீறேன். ஒரு நாளுகூட படுக்கல. வேலைக்கும் போய்க்கினுதான கீறேன்."

"தெரியும்மா. பயந்துக்கினேதான்..."

"அப்ப சத்தியத்துல ஒண்ணும் இல்ல."

அம்மாவே மேலே சொன்னாள்.

"அவன் மழையில வெளிய போறப்பலாம் நான் வேண்டிக்குவேன்டா. என்ன எட்த்துக்கோ, எம்புள்ளைய வூட்டுக்கு அனுப்புன்னு. அன்னிக்கும்தான் வேண்டிக்கினேன். நான்தான் சரியா வேண்டிக்கலியோ, எதுனா கொற வெச்சிட்டனோன்னு ரெண்டு வருஷமா பொலம்பிக்கினு கீறேன். அந்த வேண்டுதல்லயும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துக்குது."

"அம்மா, நான் இனிமே ஏறல."

"ஏறு, ஏறாத. எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

போனை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டாள். மல்லிகா, "அண்ணா, அம்மா வெளிய போய் லாரிகிட்ட நின்னுக்கினு கீது. நீ இன்னா..." என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

7

அடுத்த ஞாயிறு ஓட்டினேன். நல்ல மழை. ஏறும்போது அம்மா தலை ஞாபகம் வரவில்லை. மூணு மாசத்தில் பயமில்லாமல் ஓட்டின முதல் நாள் அது. கால் லேசாக இருந்தது. மேட்டில் கென்னை முந்திவிட்டேன். மேலே போய் நின்றபோது யாரும் இன்னும் வந்துசேரவில்லை, மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பயந்துகொண்டு ஓட்டினபோது ஒவ்வொரு மிதிக்கும் அம்மா கூட இருந்தாள் என்று அங்கேதான் தெரிந்தது. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

நேற்று மல்லிகா கடிதம் வந்தது. திதி கொடுத்தார்களாம். பாய் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனாராம். அதற்குக் கீழே எழுதியிருந்தாள்.

"இங்க நாலு நாளா மழ. குட எட்த்துக்கினு போம்மான்னா கேக்கறதில்ல. எனக்குதான் ஒண்ணும் ஆவாதேன்னு சொல்லிட்டு நனைஞ்சிக்கினே வேலைக்குப் போவுது. சாமி படத்துக்கு வெளக்கும் ஏத்தறதில்ல. கேட்டா பேச மாட்டேங்குது. அண்ணா, அன்னிக்கு போன்ல அம்மாகிட்ட நீ இன்னாதான் சொன்ன?"

நிஜத்தைத்தான் சொன்னேன் மல்லிகா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.